குறிப்புக் கட்டம்

இறக்கக்கண்டி. காலை எட்டரை.
கண்ணாடிக் குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்துகிறேன்:
முப்பத்தொரு மில்லிமீற்றர்.
ஓகஸ்ட்டில்.

கச்சான் வீசி உதடு வெடிக்க வேண்டிய மாதம்.
வீடு மாறி நுழைந்த விருந்தாளி மாதிரி
ராத்திரி ஒரு மணித்தியாலம்
கொட்டிவிட்டுப் போயிருக்கிறது வானம்.

வேலிக்கு அப்பால் உப்பளம்.
நேற்றுவரை பாத்தியில் பல்லுப் பல்லாய் விளைந்தது
இப்போது வெறும் தண்ணீர். அதில் ஒரு கொக்கு.
றசீனா வாரியைத் தோளில் சாய்த்தபடி நிற்கிறாள்.
"எவ்வளவாம்?"
சொல்கிறேன்.
"எனக்கு அது பதினேழு மூட்டை."

போன மார்கழியில் இதே குழாயில்
செத்த எறும்பு மட்டும் கிடந்தது.
பன்னிரண்டு நாள் பூச்சியம் எழுதினேன்.
பூச்சியத்துக்கும் மை முடியும்.
தம்பலகாமத்தில் வயல் வெடித்து,
வாய்க்கால் மதகடியில்
இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது
அந்தக் கிழமைதான்.

வருடக் கடைசியில் கூட்டினால்
எல்லாம் சரியாகவே வரும்.
சராசரிக்கு நாலு மில்லிமீற்றர் குறைவு, அவ்வளவுதான்.
கந்தோர்க் கடிதம் சொல்லும்: வழமையான மழை.

படிவத்தின் ஓரத்தில்
குறிப்பு என்றொரு கட்டம் இருக்கிறது,
ஒரு விரல் அகலம்.
இத்தனை வருடம் வெறுமையாய் விட்டது.
இன்று எழுதினேன்:
பதினேழு மூட்டை.

அலகு பிழை என்று
திருப்பி அனுப்புவார்கள்.