நியூட்ரல்

ஓசூரிலிருந்து தூத்துக்குடிக்குப் பதினேழு வருஷம் ஓட்டினேன்.
தை பிறந்துவிட்டால் ராயக்கோட்டை தாண்டி
ஊருக்கு ஊர் ரோட்டில் கொள்ளுக்கொடி கிடக்கும்.
அச்சில் சுற்றும். புழுதி கண்ணாடியை மூடும்.
தலையை வெளியே நீட்டித் திட்டுவேன்,
அவர்கள் முறத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்கள்.
பத்துச் சக்கரமும் அவர்களுக்குக் கூலியில்லா ஆள்.

இப்போது என் கொள்ளும் ரோட்டில் கிடக்கிறது.
காலையிலிருந்து
ஒரு சைக்கிள், இரண்டு நாய்,
மாரண்டஅள்ளி ஸ்டேஷனுக்குத் தக்காளி கொண்டுபோகும்
தள்ளுவண்டிகள் நாலு.
அவையும் ஓரமாய், கொடியை மிதிக்காமல்,
மரியாதையாகப் போகின்றன.

பஸ் வாரம் மூன்று நாள்.
"ஒரு தரம் பின்னால வந்து போயேன் சாமி"
என்று எல்லம்மா டிரைவரைக் கேட்டாள்.
அவன் டீசல் முள்ளைக் காட்டினான்.
முள்ளைக் காட்டிய பிறகு
யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

என் லாரி மேட்டின் தலையில், புளியமரத்தடியில்.
கணக்கெடுக்க வந்த அன்று
வேடியப்பன் நோட்டில் என் பெயருக்கு நேரே
சுழி போடச் சொன்னேன். போட்டான்.
டேங்கில் பன்னிரண்டு லிட்டர் இருந்தது.
வெள்ளிக்கிழமைதோறும் இருட்டில்
வேப்பங்குச்சி விட்டு அளந்து
குச்சியை மண்ணில் துடைப்பேன்.
எதற்கு வைத்திருந்தேன் என்றால்
சொல்லத் தெரியவில்லை.

மேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
தொப்பூர்க் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க
நியூட்ரலில் விட்டவன் நான்.
போர்டு வைத்தும் விட்டவன்.
என்னோடு ஓட்டிய சென்றாயன்
அப்படி விட்டுத்தான் போய்ச் சேர்ந்தான்.
இந்த மேடு சின்னது,
கீழே ஏரிக்கரை ஏற்றம் தானே நிறுத்திவிடும்.
உருட்டினால் என்ன?

ஆனால் எஞ்சின் ஓடாமல் காற்று ஏறாது,
காற்று ஏறாமல் பிரேக் விடாது.

சோலாரில் சார்ஜ் ஏற்றிய பாட்டரியை மாட்டிச்
சாவியைத் திருப்பினேன்.
ஏழு மாதம் கழித்து ஒரு லாரி இருமினால்
எப்படி இருக்கும் தெரியுமா?
அடுப்பை விட்டு வந்தார்கள்.
பாதி சவரத்தில் ஒருவன் சோப்போடு வந்தான்.
வேடியப்பன் நோட்டோடு வந்தான்.
ஒருவரும் பேசவில்லை,
புகையை மோந்துகொண்டு நின்றார்கள்.

காற்று ஏறியதும் அணைத்தேன்.
"எவ்வளவு?"
"பதினொண்ணு இருக்கும்."
சுழிக்குப் பக்கத்தில் எழுதினான்.
சுழியை அடிக்கவில்லை.

பிறகு இறங்கினேன், சத்தமில்லாமல்.
ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது.
சக்கரத்தடியில் காய் வெடிக்கும் ஒலி
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.
பதினேழு வருஷம் எஞ்சின் அதைக் கேட்க விட்டதில்லை.

திரும்ப மேலே இழுக்க
தேர்வடம் கொண்டுவந்தார்கள். நாற்பத்திரண்டு பேர்.
பாதி மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லம்மா சொன்னாள்:
"இந்நேரம் ஆளுக்கொரு தடி எடுத்திருந்தா
அடிச்சுத் தூத்தி மூட்டையே கட்டியிருக்கலாம்."
சிரித்ததில் வடம் நழுவியது.
இரண்டடி பின்னால் போன லாரிக்குக்
கல்லை முட்டுக் கொடுத்தோம்.
அங்கேயே நிற்கிறது, பாதி மேட்டில்.

மறுநாள் தடிதான்.
டீசலில் ஆறு லிட்டர் பாலக்கோட்டு ஆஸ்பத்திரி வண்டிக்கு,
மூன்று மாவு மில்லுக்கு.
மீதி இரண்டை யாருக்கு என்று நான் கேட்கவில்லை,
கேட்கும் இடத்தில் நான் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்
ஹாரன் அடிக்கச் சொன்னார்கள்.
சிலிண்டரில் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது.
ஆளுக்கொரு தடவை அழுத்த விட்டேன்.
நாலு நாள் முழங்கியது.
ஐந்தாம் நாள்
உஸ்ஸென்றது.
அதற்கும் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.