காத்துக்கு வாய் இல்லாத சைக்கிள்

ஞாயிறு காலை நாலே முக்காலுக்கு
ஹொஸ்கோட்டே பிரியாணிக்குக் கிளம்பும் கூட்டம் எங்களுடையது.
போகும்போது மூச்சு வாங்கும், பேச்சு வராது.
திரும்பும் வழியில் டீக்கடையில்தான்
உண்மையான சவாரி.
ஜோஜியைத் துரத்திய நாய்கள்
போன மாதம் இரண்டு, இந்த மாதம் ஐந்து.
ஹெப்பார் இறக்கத்தில் தொட்ட வேகம்
டீ ஆறுவதற்குள் எழுபதைத் தாண்டும்.
தீபாங்கர் மட்டும் பேச மாட்டான்,
செல்போனைக் காட்டுவான்.
அதில் பதியாத கிலோமீட்டர்
மிதிக்காத கிலோமீட்டர்.

அன்று கே.ஆர்.புரம் தொங்குபாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
என் பின்சக்கரம் ஸ்ஸ் என்றது.
"நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்."
போய்விட்டார்கள்.
சராசரி வேகம் குறையக் கூடாதே.

மாற்று ட்யூப் இருந்தது, மாட்டிவிட்டேன்.
பம்ப் வீட்டில், ஷூ அலமாரி மேல்.

மெட்ரோ தூணுக்குப் பின்னாலிருந்து வந்தாள் குளோரி.
பத்து வயதுப் பிள்ளைக்கான சைக்கிள்,
சீட்டை முடிந்தமட்டும் உயர்த்தியிருந்தாள்.
கொம்பு வைத்த வெள்ளைக் குதிரை ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது.
ரோஸ் கூடையில் வெங்காயப் பை, டிபன் டப்பா, ஒரு பம்ப்.
"ஏனாயித்து மேடம்?" என்று தொடங்கியவள்
நான் டயரைத் திட்டிய திட்டில்
தமிழுக்கு மாறினாள்.

அவள் பம்ப் என் வால்வில் சேரவில்லை.
குனிந்து பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள்.
"இவ்ளோ காசு போட்டு வாங்கி
காத்து குடிக்க வாய் இல்லியா இதுக்கு?"

எவ்ளோ ஆச்சு என்றாள்.
முப்பதாயிரம் என்றேன்.
முன்னாலிருந்த ஒரு லட்சத்தை எச்சிலோடு விழுங்கிவிட்டு.

பென்னிகானஹள்ளி சிக்னல் வரை
இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தோம்.
ஏறிப் போங்க என்றேன்.
"ஞாயித்துக்கெழம எல்லாரும் லேட்டாத்தான் எழுவாங்க."

முதல் வாரமே பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தாளாம்.
டிரைவர் இறங்கி வந்து கெட்ட வார்த்தையில் திட்டி
முடித்ததும்
ஹேண்டிலை நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"பொம்பளைக்குத்தான் பஸ் ஃப்ரீ ஆச்சே,
ஒனக்கெதுக்கு சைக்கிள்னாரு எங்க வீட்டுக்காரரு.
பஸ்ஸு ஃப்ரீதான்.
பஸ்ஸுக்கு நிக்கற நேரம் ஃப்ரீயா?
மூணு வீடு செஞ்ச எடத்துல இப்ப அஞ்சு வீடு.
அவருக்கும் புரியுது, சொல்லமாட்டாரு.
ராத்திரில செயினுக்கு எண்ண போட்டு வெக்கறாரு."

அபார்ட்மென்ட் உள்ளே விடமாட்டார்களாம்,
கேட்டுக்கு வெளியே மரத்தில் பூட்ட வேண்டுமாம்.
"ஒங்களது எங்க நிக்கும்?"
"நிக்காது. ஹால் செவுத்துல தொங்கும்."
சிக்னலே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.
பிறகு மணியைப் பார்த்து, தோசை ஊத்தணும் என்று
முழங்கால்கள் வெளியே விரிய ஏறிப் போனாள்.
என் கடிகாரம் எழுதியிருந்தது:
இரண்டு கிலோமீட்டர், சராசரி வேகம் நாலு.
சவாரிக்குப் பெயர் வையுங்கள் என்றது.
வைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் இதைச் சொன்னேன்.
வாய் இல்லாத வால்வைச் சொன்னேன்,
விழுங்கிய லட்சத்தைச் சொல்லவில்லை.
மூன்றாம் வாரம் புதிதாய் வந்த பையனுக்கு
ஹெப்பார் சொன்னபோது
குளோரிக்குப் பெயர் இல்லை,
அஞ்சு வீடு பத்தாகியிருந்தது,
பஞ்சரானது ஹெப்பாரின் சைக்கிள்.
"அவங்களுக்குப் புதுசு ஒண்ணு வாங்கித் தரலாமே" என்றான் பையன்.
எல்லோரும் தலையாட்டினோம்.
யாரிடமும் அவள் நம்பர் இல்லை.

இந்நேரம் ஐந்து சமையலறைகளில்
நானும் உருண்டுகொண்டிருப்பேன்,
குக்கரின் மூன்றாம் விசிலுக்குள் முடிகிற கதையாக.
அதில் நான் இன்னும் கொஞ்சம் குண்டு,
ஹெல்மெட் இன்னும் கொஞ்சம் கோணல்.
"முப்பதாயிரம்னு சொல்லுச்சு அந்தம்மா" என்று
வெங்காயத்தை வாணலியில் தள்ளிவிட்டு நிறுத்துவாள்.
"நானும் நம்பிட்ட மாதிரியே
தலையாட்டினேன்."