பிழை, ஆறு

எங்கள் லீக்கில் ஆட்டம் காலை ஐந்து மணிக்கு.
ஏழரைக்குள் எல்லாரும்
அவரவர் வேலையில் இருந்தாக வேண்டும்.
குஷிரோவில் ஜூன் மாதம் என்றால்
கடலே எழுந்து வந்து மைதானத்தில் உட்கார்ந்துகொள்ளும்.
அவுட்ஃபீல்டில் நிற்பவர்கள் அவ்வப்போது
குரல் கொடுப்பார்கள்,
இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று.

ஸ்கோர் எழுதுவது நான். பத்தொன்பது வருடமாக.
கூலி, ஆட்டத்துக்கு ஒரு டின் சூடான காப்பி.

இன்று அக்டோபர்.
நூடுல்ஸ் கடை மாடியில் பரிசளிப்பு.
அதிக தடவை ஸ்ட்ரைக்-அவுட் ஆன
பல் மருத்துவர் மொமியாமாவுக்குக்
கண் சொட்டு மருந்து ஒரு குப்பி.
அங்கேயே இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு,
"யாரய்யா நீங்களெல்லாம்?" என்கிறார்.
உடம்பில் அதிகப் பந்து வாங்கிய தபால்காரருக்கு
வலிக்கு ஒட்டும் பட்டை, ஒரு பெட்டி.
இந்த வருடத்தின் ஒரே ஹோம் ரன்
புதுப் பையன் ஷிரகாதாவுடையது.
பந்து விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.
வேலிக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தது,
அம்பயர் விரலைச் சுழற்றிவிட்டார்.

கடைசியாக மட்டைச் சராசரி. பத்து கிலோ அரிசி.

ஓரிகாசா, ஐம்பத்தேழுக்கு இருபத்தொன்று.
நிஷிகாதா, அறுபத்தெட்டுக்கு இருபத்தைந்து.
மூன்று இலக்கத்தோடு நிறுத்திச் சுருக்கினால்
இரண்டும் ஒரே எண்.
கால்குலேட்டரை இன்னும் ஓரடி நடக்கவிட்டால்
மயிரிழை முன்னே ஓரிகாசா.

ஜூன் பதினான்கு, நான்காவது இன்னிங்ஸ்.
நிஷிகாதா அடித்த பந்து
தரையோடு ஓடி வெள்ளைக்குள் புகுந்தது.
தோலில் பட்டது போல் ஒரு சத்தம்.
அதன் பின்னால் ஒரு கெட்ட வார்த்தை.
முதல் பேஸில் நிஷிகாதா மூச்சிரைத்து நிற்க,
நான் எழுதினேன்: பிழை, ஆறு.
ஆறு என்றால் ஷார்ட்ஸ்டாப்.
அன்றைக்கு அங்கே நின்றவர் ஓரிகாசா.

ஹிட் என்று எழுதியிருந்தால்
அரிசி வேறு வீட்டில் வெந்திருக்கும்.
பந்தை விட்ட கைதான்
இப்போது மூட்டையைத் தூக்குகிறது,
விட்டதனாலேயே.
எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டுகிறார் நிஷிகாதா.
அவருக்குத் தெரியுமா?
ஸ்கோர் நோட்டை யார் படிக்கிறார்கள்.
பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.
பையில் ரப்பரும் இருக்கிறது.
காப்பிக் கறை படிந்த அந்தப் பக்கத்தை
மேசைக்கடியில் விரித்துப் பார்த்தேன்,
மூடினேன்.

கீழே, ஷூ மாட்டும் இடத்தில்
ஓரிகாசா குனிந்தபடியே கேட்டார்:
"அன்றைக்கு என் கிளவுஸில் பட்டதா?"
"சத்தம் கேட்டது."
"எனக்கும் கேட்டது. கடற்காகமாகவும் இருக்கலாம்."
கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.
"நான் வைதேனே, அது பந்தைக் காணாததற்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
"குளிரில் நிற்காதீர்கள்" என்றேன்.

அவர் வந்தது சைக்கிளில்.
பத்து கிலோவைப் பார்த்துவிட்டு
நிஷிகாதா பால் வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.
சைக்கிள் பின்னால், அரிசி மடியில்,
இருவரும் முன்னிருக்கையில்.

பாலம் ஏறுமுன்பே பின்விளக்குகளைப்
பனி விழுங்கிவிட்டது.
எஞ்சின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.
அதற்குள்ளிருந்து யாரோ சிரித்தார்.
அல்லது இருமினார்.

ஏப்ரல் கடைசியில் முதல் ஆட்டம்.
பென்சில் வாங்க வேண்டும்.