நான்கு புள்ளி மூன்று

பிச்சைக்கண்ணு என்று எழுத பேட்ஜில் இடம் போதாது
என்றார் மேனேஜர் ஷிபு.
இழுப்பறையைக் கிளறி பழையது ஒன்றை எடுத்து
ஊசி படாமல் பார்த்து என் சட்டையில் மாட்டிவிட்டார்.
சாம்.
எனக்கு முன்னால் அதை அணிந்தவர் சாமிதுரை.
இப்போது சலாலாக் கிளையில் ஏசி விற்கிறார்.

ரூவி ஹை ஸ்ட்ரீட்டில்
நகைக்கடைகள் முடிந்து
பணம் அனுப்புகிறவர்களின் வரிசை தொடங்கும் இடத்தில்
எங்கள் ஷோரூம்.
பேட்ஜோடு சேர்ந்து
அவர் வாங்கிய நட்சத்திரங்களும் எனக்கு வந்தன,
வாடகை வீட்டுச் சுவரில்
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ஆணிகள் மாதிரி.

'மூன்றாவது மாடிக்கு சாம் தானே வாஷிங் மெஷினைத் தூக்கி வந்தார்.'
ஐந்து.
நான் தூக்கவில்லை. என் இடுப்பு நன்றாகவே இருக்கிறது.
'சாமுக்குச் சிரித்த முகம்.'
ஐந்து.
அதைப் படித்த பிறகு
கொஞ்சம் சிரிக்கத் தொடங்கினேன்.
'சத்தமே வராது என்றான் சாம்.
இந்த ஃப்ரிட்ஜ் இரவெல்லாம் அழுகிறது.'
ஒன்று.
எழுதியது அரபியில்.
அழுகிறது என்பது மொழிபெயர்க்கும் எந்திரம் போட்ட சொல்.
ஆனாலும் அறையில் படுத்தால் எனக்குக் கேட்டது.

நாலரைக்குக் கீழே இறங்கினால்
மாதம் பதினைந்து ரியால் வெட்டு.
அதனால் பில்லை மடித்துக் கொடுக்கும்போதே
தலையைச் சாய்த்து
'சார், ஃபைவ் ஸ்டார், ப்ளீஸ்.'
எனக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை,
எமனை ஏமாற்ற இந்தப் பெயரை வைத்தாள் அம்மா.
விற்பனை வேலைக்கு இவ்வளவு பொருந்தும் என்று
அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்.

ஷிபு சாரும் சும்மா இருக்கவில்லை.
ஒரே இரவில்
திருச்சூரிலிருந்து ஒன்பது மச்சினன்மார்
மஸ்கட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கி மகிழ்ந்தார்கள்.
இரண்டே நாளில் ஒன்பதும் காணாமல் போயின.
அதன் பிறகுதான் அந்த ஒற்றை நட்சத்திரத்தின் பில்லைத் தேடி எடுத்தேன்.
முகவரி ஆமிராத். பெயர் சுலைக்கா அல் பலூஷி.

வெள்ளிக்கிழமை, கடை திறக்கும் முன்,
குல் ஸமானின் டெலிவரி வேனில் மலைப்பாதை ஏறினேன்.
கதவைத் திறந்தவர் பேட்ஜைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.
'நீ அந்த சாம் இல்லை.'
'இல்லை. ஆனால் அந்த ஃப்ரிட்ஜ் என்னுடையதுதான்.'
எனக்குத் தெரிந்த அரபியில்
அப்படித்தான் சொல்ல வந்தது.

டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்தேன்.
தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கியது.
தரையில் படுத்து
கால் திருகை இரண்டரைச் சுற்று திருகினேன்.
அவ்வளவுதான்.
அடுக்களையில் அதுவரை யாருக்கும் கேட்காதிருந்த
சுவர்க் கடிகாரம் கேட்டது.
ஏழு மாதம் அழுததற்கு இதுதானா என்று
எனக்கே வெட்கமாக இருந்தது.

பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வந்தன.
தலையைச் சாய்த்து, கைபேசியை நீட்டி, ஆரம்பித்தேன்.
எழுதியது அவர் இல்லையாம், மகன்.
அவன் சொஹாரில். நம்பர் மாற்றிவிட்டான். கடவுச்சொல் அவனுக்கே நினைவில்லை.
'நான் வாயால் சொல்கிறேன், நீ நல்லவன். போதாதா?'
போதும் என்றேன்.
ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாத சொல்,
ஷிபு சாரிடம் எப்படிக் காட்டுவது என்று
வேன் இறங்கும்வரை யோசித்தேன்.
'உன் பெயர் என்ன?' என்றும் கேட்டிருந்தார்.
சொன்னேன்.
இரண்டு முறை முயன்று, பிஷ்கானு என்றார்.
இந்த ஊரில் அதற்கு இவ்வளவு கிட்டே
வேறு யாரும் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை புதிதாக ஒன்று விழுந்திருந்தது:
'சாம் தங்கமான மனிதர். ஆனால் பார்க்கிங் இல்லை.'
ஒரு நட்சத்திரம்.

அன்பான வாடிக்கையாளரே, என்று தொடங்கினேன்.