கடைசி நான்கு நொடி

ஞாயிறு இரவு ஒன்பது பதினேழுக்கு முடியும் ஏலம்.
ஹல் நகரத்து மழை ஜன்னலில் பக்கவாட்டாக அடிக்கிறது.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
ஆறிப்போன புளிச்சாதம்,
என் பெயரில் நாற்பத்தோரு பவுண்டு.
இனி அவன் வரவேண்டும்.

அவன் என்றுதான் சொல்லிப் பழக்கம்,
அவளாகவும் இருக்கலாம்.
ஏலத்தளம் காட்டுவது
ஓர் எழுத்து, மூன்று நட்சத்திரம், இன்னோர் எழுத்து.
ஆறு வருடமாக என் பகையாளிக்கு
அவ்வளவுதான் முகம்.

பல்வைத்தியர் நாற்காலியில் வாய்பிளந்த முதலை:
அவன் கொண்டுபோனான்.
சொந்தக் கடை வாசலில் நனைந்து நிற்கும் குடைவியாபாரி:
அதுவும் அவனுக்கே.
கிறிஸ்துமஸ் இதழுக்கு வரைந்தது ஒன்று,
மூன்று பனிமனிதர்கள் வரிசையில் நின்று
ஹீட்டர் வாங்குகிறார்கள்.
அதற்காக வாடகைப் பணத்தையே தொட்டேன்.
நான்கு நொடி மிச்சமிருக்கையில்
பருந்து குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கிவிட்டான்.
அன்றைக்கு அவனைத் திட்டியது
இந்தத் தெருவில் எவருக்கும் புரியாத மொழியில்,
அந்த மொழிக்காரர்களும் காதைப் பொத்தும் வார்த்தைகளில்.

இன்றைய படம்:
நடுக்கடலில் படகு, படகில் மேசை,
மேசையில் தொப்பிக்காரர்.
அலைமேல் நடந்து வருகிறான் பரிமாறுபவன்.
தட்டில் ஒற்றைக் கோப்பை.
கால்சட்டை நுனி மட்டும் ஈரம்.
வரைந்தவர் ரெஜினால்ட் ஹாப்குட், அறுபத்திரண்டாம் வருடம்.
‘இந்திய மை’ என்கிறது விவரக்குறிப்பு.
எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு சிரிப்பு.
கீழே ஒட்டியிருந்த வாசகம் உதிர்ந்துவிட்டதாம்,
பசையின் பழுப்புத் தழும்பு மட்டும்.

பத்து.
ஐந்து.
நாலு.
மூன்று.
வரவில்லை.

வென்றுவிட்டீர்கள் என்று
திரை முழுக்க வண்ணக் காகிதம் தூவினார்கள்.
சாதத்தைச் சூடாக்கினேன். இறங்கவில்லை.

வியாழக்கிழமை பொதி வந்தது.
பிரித்த கையோடு வேலைக்கே எடுத்துப்போனேன்.
எக்ஸ்ரே பிரிவின் மூலையில் பழைய ஒளிப்பெட்டி ஒன்று உண்டு,
எல்லாம் கணினிக்குப் போனபின்
அதன்மேல் டெரக் சாண்ட்விச் வைக்கிறான்.
வாசகம் என்னவாயிருக்கும் என்று கேட்டேன்.
“சர்க்கரை மறந்துட்டேன், சார்.” இது டெரக்.
“கடைசி பஸ் போயிடுச்சு.” இது ப்ரையோனி.
இடுப்பெலும்புக்காகக் காத்திருந்த கிழவர்
எட்டிப் பார்த்துச் சொன்னார்:
“அவனுக்காவது டீ வருது.”

எல்லோரும் போனபின் விளக்கைப் போட்டேன்.
முறிவு தேடியே பழகிய கண்.
வெறும் கடல் என்று நினைத்த இடத்தில்
திருத்தப் பூசிய வெள்ளை
வெளிச்சத்தை மறித்து இருட்டாய்த் தெரிந்தது.
அந்த இருட்டுக்குள் இன்னொரு நாற்காலி.
நாற்காலியில் இன்னொருவர்.
கை நீட்டியபடி.
கோப்பைக்கா, சண்டைக்கா, சொல்லமுடியவில்லை.

ஓரத்தில் நீலப் பென்சிலில்
பத்திரிகை ஆசிரியரின் அவசரக் கையெழுத்து:
ஒருத்தர் போதும்.
சரிதான். இருவர் என்றால் அது வெறும் உல்லாசப் பயணம்.
அந்த ஒருத்தரைத்தான்
இதழை வாங்கியவர்கள் பார்த்துச் சிரித்தார்கள்.
நான் விளக்கை அணைக்காமல்
சாண்ட்விச் நேரம்வரை நின்றிருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஒரு கோல்ஃப் ஜோக்.
எனக்குக் கோல்ஃப் தெரியாது.
கோடும் சோம்பேறிக் கோடு, மூலையில் காப்பிக் கறை.
இருபத்திரண்டு பவுண்டு போட்டுவிட்டுக்
கைகட்டி உட்கார்ந்தேன்,
பிடிக்காத மாப்பிள்ளைக்குக் காத்திருப்பவள்போல.
பத்து.
ஆறு.
கேத்தல் விசிலடித்தது, எழவில்லை.
நாலு

இருபத்துமூன்று.

சட்டென மடிக்கணினியை மூடினேன்.
முதலெழுத்து எது என்று பார்க்கவில்லை,
பார்த்தால் வேறாகவும் இருந்துவிடலாம்.
ஜன்னலைத் திறந்து
பழைய வார்த்தைகள் ஒன்றுவிடாமல்
வாய்நிறையத் திட்டினேன்.