பதினான்காவது ஊசி

டொலிடோவில் பனி நடைபாதையைத் தின்றுகொண்டிருக்கிறது.
முன்பு செருப்புக் கடையாக இருந்த இந்த அறையில்
பதினோரு சாய்வு நாற்காலிகள்,
ஒன்றுக்கொன்று ஜோடியில்லை.
பச்சை வெல்வெட் ஒரு கணவர் இறந்தபின் வந்தது.
கைப்பிடியில் இன்னும் அவருடைய சிகரெட் சுட்ட வடு.

தனியறை கிடையாது.
தனியறைக்கு ஒரு வாடகை உண்டு,
அதை யாராவது ஒருவருடைய முதுகுதான் கட்டியாகவேண்டும்.
ஒரு மணிக்கு நூற்றிருபது டாலர் என்றுதான்
கல்லூரியில் கற்றுத்தந்தார்கள்.
அந்தப் படிப்புக் கடனை
இருபது இருபதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாசல் மேசையில் நஜ்வா
நாள் முழுக்க ஒரே வாக்கியம் சொல்கிறாள்:
"இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே, எது முடியுமோ அது."
சம்பளச் சீட்டு கேட்பதில்லை.
புதிதாக வருபவர்கள்
அந்த வாக்கியத்தில் கண்ணி எங்கே என்று தேடுவார்கள்.
சிலர் கதவுவரை போய்த் திரும்புவார்கள்.
வாண்டா மட்டும் பேரம் பேசினாள்: "பத்தொன்பது."
பத்தொன்பது என்றே எழுதிக்கொண்டாள் நஜ்வா.

சக்கர முக்காலியில் உருண்டு
முழங்காலுக்கு முழங்கால் போகிறேன்.
காதில்லாத ஊசிகள்
காதுகளில் நிற்கின்றன,
கணுக்காலில், புருவ நடுவில்.
இறைச்சிக் கிடங்கு இம்ரே
"இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான்
வாராவாரம் கண்ணை மூடுவார்.
அவர் குறட்டை கிளம்பினால்
மற்ற பத்து மூச்சும் அதன் பின்னால் வரிசை கட்டும்.

நேற்று போட்டது பதினான்கு.
எடுத்தது பதின்மூன்று.
லூஷியஸ், பஸ் ஓட்டுபவர், போய்விட்டிருந்தார்.
பச்சை நாற்காலியைக் கவிழ்த்தேன்:
ஒரு பேனா மூடி, நாற்பது சென்ட், பாதி பாதாம்.
தரையெங்கும் காந்தத்தை இழுத்தேன்.
ஊசி ஒன்று ஐந்து சென்ட்.
இரவெல்லாம் என் படுக்கையில் குத்தியது.

காலையில் பூட்டைத் திறக்குமுன்பே நிற்கிறார்.
தீர்ந்துபோன வலிமாத்திரைக் குப்பிக்குள்
அது, லேசாக வளைந்து.
"உச்சந்தலையில் இருந்தது. முழு ஷிஃப்டும் ஓட்டியிருக்கிறேன்.
பாலத்தடியில் ஏறிய ஒரு பிள்ளை
'உங்களுக்கு ஆன்டெனா முளைத்திருக்கிறது' என்றாள்.
நேற்று ஒருவர்கூட என்னோடு சண்டை போடவில்லை.
ஊசியாலா, பயத்தாலா, தெரியவில்லை."

பிழை என்னுடையது.
அவருடைய இருபதைத் திருப்பித் தரப் போனேன்.
கல்லாவின்மேல் நஜ்வாவின் கை.
வெள்ளிக்கிழமை வாடகை.

அதற்குள் அவர் ஷூவைக் கழற்றிவிட்டு
வெல்வெட்டில் சாய்ந்திருந்தார்,
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு.
"இந்தத் தடவை எண்ணு" என்றார், கண் திறக்காமல்.

எண்ணுகிறேன்.
யாரும் விழித்துவிடாதபடி
உதட்டுக்குள்ளேயே.