இரண்டு நிமிடத்துக்குள்

இடி கேபிள் வழியாக வந்தது.
ஐப்பசி இரண்டாம் வாரம், மாலை நாலரை.
பழைய ரவுட்டர் ஒருமுறை கண்சிமிட்டி
கரிந்த வாடையோடு படுத்துவிட்டது.

குலசேகரத்திலிருந்து ஷிஜு வந்தான்,
முன்னறைச் சுவரில் புதியதை ஆணியடித்தான்.
"நாலு ஆன்டெனா உண்டுமக்கா, சும்மா பறக்கும்."
சாயா குடித்தான், போனான்.
பறந்தது.
அடுக்களை வாசல் வரை.

அதற்கப்புறம் சுவர்.
வெட்டுகல், ஒன்றரை அடி கனம்,
மாமனார் வெயிலுக்குப் பயந்து கட்டியது.
என் மேஜையோ பின்னறையில்,
ரப்பர் ஷீட் உலரும் புகைப்புரையை ஒட்டி.
ராத்திரி எட்டு மணி முதல்
எங்கோ அமெரிக்காவில் ஒருத்தரின் முழங்கால் வலிக்கும்
இன்னொருத்தரின் சர்க்கரைக்கும்
எண் போடுகிற வேலை.
நெட் நின்ற நேரத்துக்குச் சம்பளமில்லை.

நடுவழியில், ஃப்ரிட்ஜுக்கு மேலே, எக்ஸ்டெண்டர்.
இடியில் பிழைத்தது அது மட்டும்.
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு
செத்ததை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ரவுட்டரின் முதுகில் ஒரு பொத்தானை அமுக்கி
இரண்டு நிமிடத்துக்குள்
எக்ஸ்டெண்டரில் இன்னொன்றை அமுக்க வேண்டுமாம்.
ஓடினேன்.
சாப்பாட்டு மேஜை, ஈரக்குடை,
ராபின்சன் நீட்டியிருந்த கால்.
"என்னட்டி, வீட்டுல தீயா?"
அமுக்கினேன். மஞ்சள். மஞ்சள். சிவப்பு.
மூன்று தடவை ஓடினேன்.
மூன்றாம் தடவை முட்டைத் தட்டு விழுந்தது.

பிறகு கம்மலைக் கழற்றினேன்.
அடியில் ஊசித்துளை ஒன்று உண்டு,
பத்து எண்ணும்வரை குத்திப் பிடித்தால்
அது எல்லாவற்றையும் மறந்துவிடும்.
துளையில் முனையை வைத்தபோது ஷிஜு போனில் கத்தினான்:
"குத்தாதீங்கக்கா! புதுசுக்குப் பழைய பேரையும்
பழைய பாஸ்வேர்டையும் இட்டிருங்க.
ஆளு மாறினது அதுக்குத் தெரியாது."

பழைய பேர்: பாலவிளை.
பாஸ்வேர்டை யோசிக்கவில்லை, விரலே அடித்தது:
வரிக்கச்சக்க, அதன் பின்னால் ஒரு வருடம்.
பெரியத்தான் கிறிஸ்துதாஸ் இட்டது,
கையில் சக்கைப்பசை போக எண்ணெய் தேய்த்துக்கொண்டே.
அப்போது இந்த வீட்டுக்கு ஒரே அடுப்பு.
இப்போது முற்றத்தின் நடுவே ஹாலோபிளாக் மதில்.
பிலாவு நின்ற இடம் சர்வேயர் சங்கிலிக்கு
எந்தப் பக்கம் என்று கேட்டு
குழித்துறை கோர்ட்டில் பதினாலு வாய்தா.
பிலாவை வெட்டியாயிற்று.
கேஸ் நிற்கிறது.

பச்சை.
ஃப்ரிட்ஜுக்கு மேலே, ஒரு சத்தமுமில்லாமல், பச்சை.

போனில் பட்டியலைத் திறந்தேன்.
என் லேப்டாப். டிவி.
ராபின்சன் சட்டைப்பையிலிருந்த போன்.
மூன்றையும் யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்திருந்தன.
எண்ணிக்கொண்டிருக்கும்போதே நாலாவது:
அபிஷா டேப்.

மதிலுக்கு அந்தப் பக்கம்
பெரியத்தான் மகள் நீட்டுக்குப் படிக்கிறாள்.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
சர்ச்சில்கூட பெஞ்சு மாற்றி உட்காருகிறோம்.
இந்தப் பேரை மட்டும் அழிக்க
அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா,
இல்லை, இடி விழும்வரை
ராத்திரி ராத்திரி இங்கிருந்துதான் குடித்தார்களா?

ஒவ்வொரு பேருக்கும் நேரே ஒரு வட்டம்.
தொட்டால் தடை.
விரல் அங்கேதான் நின்றது.
ராபின்சனைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன்,
குறட்டை கேட்டது.

பத்தே முக்காலுக்கு டேப் பட்டியலிலிருந்து போயிற்று.
அப்பன் பார்த்து அணைத்திருப்பான்,
அல்லது மழை,
அல்லது பிள்ளை உறங்கியிருக்கும்.
பதினொன்று ஐந்துக்குத் திரும்ப வந்தது,
ஒரே ஒரு கோடு சிக்னலில்.

எழுந்து போய்
எக்ஸ்டெண்டரை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து
ஜன்னல் பக்கத்துப் பிளக்கில் குத்தினேன்.
பின்னறைக்கு அதுதான் நன்றாக எடுக்கும்.
கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.

சார்ட் முப்பத்தொன்று பாக்கி.
காதில் ஒரு பக்கம் கம்மலில்லை.